பானெட்டைத் தொட்டுப் பாருங்கள்

காலை ஏழு மணி. கோவை சிங்காநல்லூர் பக்கம் ஒரு வீட்டு வாசலில் வெள்ளை நிற டீசல் ஸ்விஃப்ட் ஒன்று கழுவித் துடைத்து நிற்கிறது. டயருக்குக்கூட பாலிஷ் போட்டிருக்கிறார்கள். வாங்க வந்த இளைஞர் காரைச் சுற்றி வந்து பெயின்ட்டைப் பார்க்கிறார், கதவைத் திறந்து சீட்டைத் தடவிப் பார்க்கிறார். அவரோடு வந்த மெக்கானிக்கின் கண் அதிலெல்லாம் போகவில்லை. நேரே போய் பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

"வண்டிய எப்பங்க ஸ்டார்ட் பண்ணுனீங்க?"

"இப்பத்தானுங்க. நீங்க வர்றீங்கன்னு ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்து நிறுத்துனேன்."

"சரிங்க. நாளைக்குக் காலையில வர்றோம். நாங்க வந்து சாவி போடுற வரைக்கும் யாரும் ஸ்டார்ட் பண்ண வேண்டாமுங்க."

இளைஞரின் முகம் வாடிவிட்டது. தெருமுனை வரை பொறுத்திருந்து கேட்டார்: "ஏங்ணா, வண்டி நல்லாத்தான இருந்துச்சு?"

"நல்லா இருக்கலாம் தம்பி. ஆனா சூடு பண்ணி நிறுத்துன டர்போ வண்டிகிட்ட எதையும் கேட்டுத் தெரிஞ்சுக்க முடியாது."

அந்த ஒரு நாள் காத்திருப்பு வீண் பிடிவாதம் இல்லை. ஒரு நடுத்தரக் குடும்பம் பல வருடச் சேமிப்பைப் போட்டு வாங்கும் பழைய காரில், வெளியே தெரியாமல் பெரிய செலவை ஒளித்து வைத்திருக்கக்கூடிய பாகங்களில் முக்கியமானது டர்போ. பெயின்ட் போனால் கண்ணுக்குத் தெரியும், டயர் தேய்ந்தால் விரலுக்குத் தெரியும். டர்போ தேய்ந்திருந்தால் விற்கும் நாளில் காட்டிக்கொடுக்காமல், வாங்கிய மூன்றாவது மாதம் நெடுஞ்சாலையில் நீலப் புகையோடு நிற்க வைத்துவிடும். புது டர்போவின் விலை சாதாரண மாடல்களிலேயே பல ஆயிரங்களில் இருக்கும். சில ஐரோப்பிய மாடல்களுக்கு லட்சத்தைத் தாண்டும்.

டர்போ என்றாலே பந்தயக் கார், பணக்காரர் கார் என்ற நினைப்பு பலருக்கு இருக்கிறது. தன் வீட்டு வாசலில் நிற்பதே டர்போ கார்தான் என்று தெரியாமல் பத்து வருடம் ஓட்டியவர்களும் உண்டு. கடந்த இருபது ஆண்டுகளில் நம் சாலைகளுக்கு வந்த டீசல் கார்களில் ஏறக்குறைய எல்லாமே டர்போதான். அவற்றில் தலைமகன், ஃபியட் உருவாக்கிய 1.3 லிட்டர் மல்டிஜெட் இன்ஜின். 1,248 சிசி கொண்ட இந்த ஒரே இன்ஜின் 2007-இல் மாருதி ஸ்விஃப்டில் ஏறியது. பிறகு டிசையர், ரிட்ஸ், எர்டிகா, சியாஸ், பிரெஸ்ஸா, டாடா இண்டிகா விஸ்டா, மான்ஸா, ஃபியட் புன்டோ, லினியா என்று கம்பெனி பேதம் இல்லாமல் போய் உட்கார்ந்தது. இந்தியாவின் தேசிய டீசல் இன்ஜின் என்றே வண்டிப் பிரியர்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 மாசுக் கட்டுப்பாட்டு விதி வந்ததும் மாருதி டீசலை நிறுத்தியது. ஆனால் அந்த வண்டிகள் எங்கும் போய்விடவில்லை. இன்றைக்கும் ஈரோடு, சேலம், மதுரைப் பழைய கார் சந்தைகளில் கை மாறிக்கொண்டிருப்பவை அவைதான்.

பெட்ரோலில் டர்போ வந்தது அதற்குப் பின்னால். மறைமலை நகரில் தயாரான ஃபோர்டு ஈக்கோஸ்போர்ட்டின் 1.0 லிட்டர் ஈக்கோபூஸ்ட், ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ இரண்டும் 2013-இல் வந்தன. டாடா நெக்ஸான் 2017-இல் வந்தது. இருங்காட்டுக்கோட்டையில் இருந்து 2019-இல் ஹூண்டாய் வென்யூ, ஒரகடத்தில் இருந்து 2020-இல் நிசான் மேக்னைட், அடுத்த ஆண்டே ரெனோ கைகர். சென்னையைச் சுற்றியுள்ள ஆலைகளே சிறிய டர்போ பெட்ரோல் கார்களை இத்தனை கொடுத்திருக்கின்றன. முதல் உரிமையாளர்கள் மாற்றிவிட்டதால் அவையெல்லாம் இப்போது செகண்ட் ஹேண்ட் சந்தைக்கு வந்துகொண்டிருக்கின்றன.

இந்த டர்போ என்னதான் செய்கிறது? இன்ஜினில் எரிந்து முடிந்த புகை சைலன்ஸர் வழியாகச் சும்மா வெளியே போகிறது. போகிற வேகத்தில் ஒரு சின்னக் காற்றாடியைச் சுற்றிவிட்டுப் போகட்டுமே என்று யோசித்தவர் ஆல்ஃப்ரெட் பூஷி என்ற சுவிட்சர்லாந்துப் பொறியாளர். 1905-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். புகை சுற்றும் காற்றாடியின் அதே தண்டில் மறுமுனையில் இன்னொரு காற்றாடி இருக்கிறது. அது வெளிக்காற்றை உறிஞ்சி, அழுத்தி, இன்ஜினுக்குள் திணிக்கிறது. காற்று கூடினால் கூடுதல் எரிபொருளை எரிக்கலாம், சின்ன இன்ஜினே பெரிய இன்ஜினின் இழுவையைக் கொடுக்கும். கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டிக்கு ஏறும்போது, காற்று மெலிந்து சாதாரண இன்ஜின் மூச்சு வாங்கும் இடத்திலும் டர்போ வண்டி தளராமல் ஏறுவதற்கு அந்தத் திணிப்புதான் காரணம்.

வரமும் ஆபத்தும் அந்தத் தண்டில்தான் இருக்கின்றன. கார் இன்ஜின் அதிகபட்சமாக நிமிடத்துக்கு ஆறாயிரம் சுற்றுச் சுற்றினாலே அலறும். விரல் தடிமன்கூட இல்லாத டர்போ தண்டு நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்று வரை போகும். பெட்ரோல் வண்டியில் அதன் ஒரு பக்கம் 900 டிகிரி செல்சியஸைத் தாண்டிய புகையில் வெந்துகொண்டிருக்கிறது, மறு பக்கம் வெளிக்காற்று. பெரும்பாலான கார்களில் இந்தத் தண்டுக்கு பால் பேரிங்கூடக் கிடையாது. முடியை விடச் சன்னமான ஆயில் படலத்தின் மேல் அது மிதக்கிறது. அந்தப் படலம் ஒரு சில விநாடி அறுந்தால் உலோகமும் உலோகமும் உரசும். அவ்வளவுதான், கதை முடிந்தது.

அதனால்தான் அனுபவப்பட்ட மெக்கானிக்குகள் டர்போவைப் பார்ப்பதற்கு முன் ஆயில் பில்லைக் கேட்கிறார்கள். டர்போ தானாகப் போவது அபூர்வம். ஆயில் வற்றியோ, அழுக்கேறியோ, வெளியிலிருந்து தூசியோ கல்லோ உள்ளே போயோதான் பெரும்பாலும் போகிறது. மல்டிஜெட் இன்ஜினுக்குத் தேவையான ஆயில் சுமார் மூன்று லிட்டர். அந்த மூன்று லிட்டரை மாற்றாமல் இழுத்தடித்த வண்டியின் டர்போவுக்கு எந்த பாலிஷும் ஆயுளைத் திருப்பித் தராது. 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை, ஓட்டம் குறைவென்றால் வருடத்துக்கு ஒருமுறை ஆயிலும் ஃபில்டரும் மாறியதற்குக் கணக்கு இருக்க வேண்டும். கம்பெனி சர்வீஸ் என்றால் வண்டி எண்ணை வைத்துப் பழைய வரலாற்றை எடுத்துத் தரச் சொல்லலாம், உரிமையாளரே கேட்டால் சர்வீஸ் சென்டரில் தருவார்கள். வெளியே செய்திருந்தால் பில் வேண்டும், அந்த பில்லில் ஆயிலின் கிரேடும் எழுதியிருக்க வேண்டும். 80,000 கிலோமீட்டர் ஓடிய வண்டிக்கு நான்கே பில் இருந்தால், மீதி நான்கு எங்கே என்று கூச்சப்படாமல் கேட்கலாம். "பக்கத்துத் தெரு பையன்தான் பாத்துக்குவான் சார், பில்லெல்லாம் வாங்கறதில்ல" என்ற பதில் ஏமாற்று என்று சொல்ல முடியாது, பல நல்ல உரிமையாளர்களும் அப்படித்தான் இருக்கிறார்கள். ஆனால் வாங்குபவர் கொடுக்கப்போகும் விலையில் அந்தச் சந்தேகத்துக்கும் ஒரு தொகை கழிய வேண்டும்.

மறுநாள் காலை அதே ஸ்விஃப்ட். பானெட் இந்த முறை ஜில்லென்று இருந்தது. மெக்கானிக் முதலில் டிப்ஸ்டிக்கை உருவினார். டீசல் வண்டியில் ஆயில் கறுப்பாக இருப்பது இயல்பு, நிறத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. அளவுதான் முக்கியம். கீழ்க்கோட்டுக்கும் கீழே இருந்தால் ஆயில் குடிக்கிறது, அல்லது கவனிப்பார் இல்லை. மேல்கோட்டைத் தாண்டி இருந்தாலும் சந்தேகிக்க வேண்டும், குறிப்பாக பி.எஸ்.6 டீசல் கார்களில். அவற்றில் கரியைப் பிடித்து வைத்து அவ்வப்போது எரிக்கும் டி.பி.எஃப். என்ற வடிகட்டி இருக்கிறது. ஊருக்குள்ளேயே சின்னச் சின்ன தூரம் ஓட்டினால் அந்த எரிப்பு பாதியில் நின்று, மிச்ச டீசல் ஆயிலில் கலந்து மட்டம் ஏறும். தண்ணீராய்ப் போன அந்த ஆயிலால் டர்போ தண்டைத் தாங்க முடியாது.

அடுத்து ஆயில் ஊற்றும் மூடி. அதன் உள்பக்கம் கெட்டித் தார் மாதிரி படிந்திருந்தால் ஆயில் காலம் தாழ்த்தி மாறியிருக்கிறது. மோர் நிறத்தில் நுரை இருந்தால் கூலன்ட் கலந்திருக்கலாம். பிறகுதான் சாவி.

ஸ்டார்ட் ஆனதும் முதல் ஐந்து விநாடிகளில் யாரும் பேசக் கூடாது என்பது அந்த மெக்கானிக்கின் கட்டளை. இந்த இன்ஜினில் டைமிங் பெல்ட் கிடையாது, செயின்தான். ஆயில் கவனிப்பு இல்லாத வண்டியில் செயின் தளர்ந்து, குளிர்ந்த இன்ஜின் கிளம்பும்போது கலகலவென்று சத்தம் கொடுக்கும். ஆயில் மேலேறி அழுத்தம் வந்ததும் சத்தம் அடங்கிவிடும். முந்தின நாள் சூடாக இருந்த வண்டியில் இது கேட்டிருக்காது. அன்றைக்குக் கேட்டது. மூன்று, நான்கு விநாடி. இளைஞர் நிமிர்ந்து பார்த்தார். மெக்கானிக் எதுவும் சொல்லாமல் பின்பக்கம் போய் நின்றார்.

புகையைப் படிப்பது பழகிவிட்டால் எளிது. குளிரில் முதல் நிமிடம் வெள்ளையாக வந்து மறைந்தால் அது ஈரம். சூடான பிறகும் அடர்த்தியாக வெள்ளை வந்துகொண்டே இருந்து கூலன்ட்டும் குறைந்தால் சிலிண்டருக்குள் தண்ணீர் போகிறது. டீசலில் ரேஸ் கொடுக்கும்போது கறும்புகை கொட்டினால், எரிபொருளுக்கு ஏற்ற காற்று கிடைக்கவில்லை: ஏதோ ஹோஸ் கிழிந்திருக்கலாம், டர்போ போதிய அழுத்தம் தராமல் இருக்கலாம், இன்ஜெக்டரும் காரணமாக இருக்கலாம். நீலம்தான் டர்போக்காரர்கள் பயப்படும் நிறம். ஆயில் எரிகிறது என்று அதற்கு அர்த்தம். டர்போவின் சீலில் கசிவு இருந்தால் அதை வெளியே கொண்டுவர ஒரு வழி உண்டு. வண்டியை நன்றாகச் சூடாக்கி, பத்து நிமிடம் ஐடிலிங்கில் விட வேண்டும். அந்த நேரத்தில் காற்றாடிப் பக்கம் அழுத்தம் குறைவாக இருப்பதால் ஆயில் சீலைத் தாண்டி மெல்லக் கசிந்து தேங்கும். பிறகு ஒரு அழுத்து அழுத்தினால், தேங்கியதெல்லாம் நீல மேகமாகப் பின்னால் கிளம்பும். இந்தப் பத்து நிமிடம் பொறுக்காமல் ஏமாந்தவர்கள் பலர். விற்பவர் "போதுங்க, டீசல் வேஸ்ட்டாகுது" என்றாலும் சிரித்துக்கொண்டே நிற்க வேண்டிய பத்து நிமிடம் அது.

ஸ்விஃப்ட் பத்தாவது நிமிடத்தில் நீலமாகவே பதில் சொன்னது.

இந்தக் கசிவை ஆயில் செலவு என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது. டீசல் இன்ஜினுக்குத் தீப்பொறி தேவையில்லை, எரியக்கூடிய எது கிடைத்தாலும் ஓடும். டர்போ சீல் மொத்தமாக விட்டுப்போய், ஆயில் காற்றுக் குழாய் வழியாக உள்ளே பாய்ந்தால், இன்ஜின் தன் ஆயிலையே தின்று ஓட ஆரம்பிக்கும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது, வேகம் ஏறிக்கொண்டே போய் இன்ஜின் சிதறும் வரைக்கும் போகலாம். மேனுவல் கியர் வண்டியில் பிரேக்கை முழுதாக மிதித்து, டாப் கியரைப் போட்டு, கிளட்சைச் சட்டென்று விட்டு அணைப்பதுதான் அப்போது கையில் இருக்கும் வழி. அரிதாக நடப்பதுதான். ஆனால் நீலப் புகையைக் காட்டிய டீசல் வண்டியை "பரவாயில்லை, ஓட்டலாம்" என்று வாங்குகிறவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

புகை சரியாக இருந்தால் குழாய்களுக்குப் போகலாம். டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கும், அங்கிருந்து இன்ஜினுக்கும் தடித்த ரப்பர் ஹோஸ்கள் போகும். இன்டர்கூலர் என்பது அழுத்தியதால் சூடான காற்றைக் குளிர்விக்கும் ரேடியேட்டர் மாதிரியான பாகம். ஹோஸை விரலால் அழுத்திப் பார்த்தால் வெடிப்பு தெரியும். கிளாம்ப் இருக்கும் இடத்தில் ஈரம் பிசுபிசுத்தால் அங்கே காற்று கசிகிறது. இங்கே ஒரு எச்சரிக்கை: ஹோஸுக்குள் லேசாக ஆயில் பூசினாற்போல் இருந்தால் உடனே டர்போ போய்விட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். இன்ஜினின் மூச்சுக்குழாயிலிருந்து வரும் ஆயில் ஆவி அங்கே படிவது வழக்கம்தான். குழாயைச் சாய்த்தால் ஆயில் ஒழுகும் அளவுக்குத் தேங்கியிருந்தால்தான் கவலை.

விற்பவர் சம்மதித்தால், ஏர் ஃபில்டரிலிருந்து டர்போவுக்கு வரும் குழாயைக் கழற்றி, இன்ஜின் ஆறியிருக்கும்போது காற்றாடியையே பார்த்துவிடலாம். இலைகளின் விளிம்பு கூராக, முழுதாக இருக்க வேண்டும். நுனி மழுங்கியோ கடித்தாற்போலவோ இருந்தால் ஃபில்டர் சரியில்லாமல் தூசி போயிருக்கிறது. தண்டை இரு விரலால் பிடித்து மேலும் கீழும் ஆட்டினால் மிக லேசான அசைவு இருக்கும், ஆயில் படலத்துக்கு விட்ட இடைவெளி அது. அந்த அசைவில் இலை சுவரைத் தொடக் கூடாது. முன்னும் பின்னும் இழுத்தால் கைக்குத் தெரிகிற அசைவு இருக்கவே கூடாது. குழாயைக் கழற்ற ஒரு உரிமையாளர் தயங்கினால் அதைத் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை, முன்பின் தெரியாத ஆள் தன் வண்டியைப் பிரிப்பதை யாரும் விரும்ப மாட்டார்கள். ஆனால் இரவெல்லாம் நின்ற வண்டியை நம் முன்னால் ஸ்டார்ட் செய்ய மறுக்கிறவரிடம் பேரம் பேசவே கூடாது.

ஓட்டிப் பார்க்கும்போது ரேடியோ வேண்டாம், ஏசி வேண்டாம், பேச்சும் வேண்டாம். ஒரு மேம்பாலத்து ஏற்றம் போதும். மூன்றாவது கியரில் 1,500 சுற்றில் உருட்டி, ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதிக்க வேண்டும். 75 குதிரைசக்தி மல்டிஜெட் வண்டி 2,000 சுற்றுக்குக் கீழே சோம்பலாகத்தான் இருக்கும், அது அதன் பிறவிக் குணம். அதைத் தாண்டியதும் பின்னாலிருந்து யாரோ தள்ளுவது மாதிரி ஒரே சீராக இழுக்க வேண்டும். இழுவை வந்து, நடுவில் திடீரென்று அணைந்து, வண்டி சோர்ந்துபோனால் இன்ஜின் கம்ப்யூட்டர் தற்காப்புக்காகச் சக்தியைக் குறைத்திருக்கிறது. எர்டிகா, சியாஸில் வந்த 90 குதிரைசக்தி இன்ஜினில் இது இன்னும் கவனிக்க வேண்டியது. அதன் டர்போவுக்குள் புகையின் பாதையைக் குறுக்கி விரிக்கும் சிறு தகடுகள் இருக்கின்றன, வி.ஜி.டி. என்பார்கள். ஊருக்குள் மெதுவாகவே ஓடிய வண்டியில் கரி ஏறி அந்தத் தகடுகள் இறுகிக்கொள்ளும். டெஸ்ட் டிரைவ் பேட்டைக்குள்ளேயே ஒரு சுற்று என்று முடிந்தால் இதைப் பிடிக்கவே முடியாது. பைபாஸ் வரை போயாக வேண்டும்.

காதுக்கும் வேலை உண்டு. மெல்லிய விசில் கேட்பது பல டர்போக்களின் இயல்பு. வேகத்தோடு ஏறி இறங்கும் சைரன் மாதிரியான ஊளை, உலோகம் தேய்க்கும் கீச்சு இரண்டும் இயல்பல்ல. உஸ்ஸென்று காற்று பீய்ச்சும் சத்தம் பெரும்பாலும் ஹோஸ் கசிவு, அது சின்னச் செலவில் முடியும். இந்த வித்தியாசத்தைச் சொல்ல ஒரு நல்ல மெக்கானிக் பக்கத்து சீட்டில் இருப்பது, அவருக்குக் கொடுக்கும் கூலியைப் போல் பல மடங்கு மிச்சம் செய்து தரும்.

ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி முனையில் ஸ்கேனரைச் செருகாமல் இன்றைய காரை வாங்குவது கண்ணைக் கட்டிக்கொண்டு வாங்குவதற்குச் சமம். பி0299 என்று வந்தால் டர்போ அழுத்தம் குறைவு, பி0234 என்றால் அளவுக்கு மீறிய அழுத்தம். சிலர் விற்பதற்கு முந்தின நாள் இந்தப் பிழைக் குறியீடுகளை அழித்துவிடுவார்கள், செக் இன்ஜின் விளக்கும் அணைந்துவிடும். ஆனால் அழித்ததற்கும் தடயம் இருக்கிறது. கம்ப்யூட்டர் தன் சுயபரிசோதனைகளை மறுபடி முதலிலிருந்து தொடங்கும், ஸ்கேனரில் அவை 'முடியவில்லை' என்று காட்டும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் வண்டியில் எல்லாமே ஒரேயடியாக முடியாமல் இருக்க நியாயம் இல்லை. பேட்டரியைச் சமீபத்தில் கழற்றியிருந்தாலும் இப்படிக் காட்டும் என்பதால், விற்பவரை நேரடியாகக் கேட்டுவிட்டு, சில நாள் ஓடிய பிறகு மறுபடி ஸ்கேன் செய்வதே முறை.

டர்போ பெட்ரோல் கார்களில் இன்னொரு சிக்கல், இளைஞர்கள் செய்யும் ரீமேப். கம்ப்யூட்டரின் நிரலை மாற்றி டர்போ அழுத்தத்தைக் கூட்டி, கூடுதல் சக்தி எடுப்பது. அதைச் செய்தவர் விற்கும்போது பழைய நிரலையும் பழைய சைலன்ஸரையும் திரும்பப் போட்டுவிடலாம். ஆனால் அந்தக் கூடுதல் அழுத்தத்தில் ஓடிய கிளட்சும் கியர்பாக்ஸும் பிஸ்டனும் புதிதாகிவிடுவதில்லை. புதிதாகக் கழற்றி மாட்டிய போல்ட்டுகளின் பளபளப்பு, ஏர் ஃபில்டர் பெட்டியில் பொருந்தாத ஓட்டை, வயதுக்கு மீறிய டயர் தேய்மானம் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும்.

மாடல் வாரியாகவும் கேட்க வேண்டியது உண்டு. ஈக்கோஸ்போர்ட்டின் 1.0 ஈக்கோபூஸ்டில் டைமிங் பெல்ட் இன்ஜின் ஆயிலுக்குள்ளேயே நனைந்தபடி ஓடுகிறது. தவறான ஆயில் ஊற்றினாலோ, காலம் தாழ்த்தினாலோ பெல்ட் துகள் துகளாக உதிர்ந்து, ஆயில் உறிஞ்சும் வலையை அடைக்கும். பிறகு முதலில் பட்டினி கிடப்பது டர்போதான். 2013-இல் வந்த வண்டிகள் பத்து வயதைத் தாண்டிவிட்டன. பெல்ட் மாற்றியதற்கு பில் இல்லையென்றால் அந்தச் செலவை விலையில் கழித்தே பேச வேண்டும். ரெனோ டஸ்டரின் 1.5 டீசலில் பெல்ட் வெளியே உலர்வாக இருந்தாலும், குறித்த காலத்தில் மாற்றினார்களா என்ற கேள்வி அதே கேள்விதான். வென்யூ, போலோ போன்றவற்றின் இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக்கை டிராஃபிக்கில் ஊர்ந்து சோதிக்க வேண்டும், நகரும்போது உதறினால் அது தனிச் செலவு.

"டர்போ புதுசா மாத்தியாச்சுங்க, இனி அஞ்சு வருஷத்துக்குக் கவலையே இல்ல" என்று விற்பவர் சொன்னால் மனசு குளிரும். அங்கேதான் நிதானிக்க வேண்டும். பழையது ஏன் போனது? ஆயில் கொண்டுபோகும் மெல்லிய குழாய் கரி அடைத்துத்தான் போயிருந்தால், அந்தக் குழாயை மாற்றாமல் மாட்டிய புது டர்போவும் அதே வழியில் போகும். இன்டர்கூலரைக் கழுவாமல் விட்டிருந்தால், பழைய டர்போ கக்கிய ஆயிலும் இலைத் துணுக்குகளும் இன்னும் உள்ளே இருக்கும். பில்லில் டர்போவோடு ஆயில் பைப், கேஸ்கெட், ஃபில்டர், சுத்தம் செய்த கூலி இவையும் இருந்தால்தான் அந்த வேலை முழு வேலை. ரிப்பேர் செய்து மாட்டியதா, புதிதா என்பதும் பில்லில்தான் தெரியும்.

தமிழ்நாட்டில் கார் வாங்குபவர் வெள்ளத்தையும் மறக்க முடியாது. 2015 டிசம்பரில் சென்னையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் மீண்டும் சென்னையும், அதே மாதம் தூத்துக்குடியும் திருநெல்வேலியும் மூழ்கின. மூழ்கிய கார்கள் ஏலத்தில் போய், பிரித்துக் கழுவப்பட்டு, வேறு மாவட்டத்தில் விற்பனைக்கு நிற்பது நடக்கிறது. பல மாடல்களில் இன்டர்கூலர் முன் பம்பருக்குப் பின்னால் தாழ்வாக இருப்பதால் சேறு முதலில் ஏறும் இடங்களில் அதுவும் ஒன்று. அதன் இடுக்குகளில் காய்ந்த வண்டல், சீட் பெல்ட்டை முழுதாக இழுத்தால் அடிப்பகுதியில் தெரியும் கறை, சீட்டுக்கு அடியில் போல்ட் துரு ஆகிய மூன்றையும் பார்க்க டார்ச் வெளிச்சம் போதும். இன்சூரன்ஸ் கிளெய்ம் வரலாற்றையும் கேட்டு வாங்கிவிட வேண்டும்.

டெல்லிப் பதிவு டீசல் கார் மலிவாகக் கிடைக்கிறது என்று இழுப்பவர்களும் உண்டு. தலைநகர் வட்டாரத்தில் பத்து வயதைத் தாண்டிய டீசல் கார்களுக்கான தடையை 2018-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்ததற்குப் பிறகு, அங்கே மதிப்பிழந்த பல வண்டிகள் மற்ற மாநிலங்களுக்குப் போயின. அவற்றுக்கு அங்கிருந்து தடையில்லாச் சான்று வேண்டும், இங்கே ஆயுள் வரி கட்ட வேண்டும். இரண்டையும் கூட்டினால் மலிவு கரைந்துவிடலாம். உள்ளூர் வண்டியோ வெளியூர் வண்டியோ, ஆர்.சி.யில் வங்கிக் கடன் பதிவு நீங்கியிருக்கிறதா, எத்தனையாவது உரிமையாளர், அபராதம் பாக்கி உண்டா என்று பரிவாகன் தளத்தில் பார்த்துவிடலாம். படிவம் 29, 30-இல் கையெழுத்து வாங்கி, முப்பது நாளுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பித்துவிட வேண்டும். காருக்கு எத்தனை நல்ல டர்போ இருந்தாலும் பெயர் மாறாத ஆர்.சி. விற்றவருக்கும் தலைவலி, வாங்கியவருக்கும் தலைவலி.

சிங்காநல்லூர் ஸ்விஃப்டை அந்த இளைஞர் வாங்கவில்லை. இரண்டு வாரம் கழித்து, பொள்ளாச்சியில் ஓய்வுபெற்ற ஒருவரின் எர்டிகாவைப் பார்க்கப் போனார்கள். பெயின்ட் மங்கல், பின் பம்பரில் கீறல். ஆனால் டேஷ்போர்டுக்குள் ஒரு பிளாஸ்டிக் உறையில் வருடவாரியாக அடுக்கிய பதினொரு சர்வீஸ் பில்கள் இருந்தன. பானெட் குளிர்ந்திருந்தது. செயின் சத்தமில்லை. பத்து நிமிட ஐடிலிங்குக்குப் பிறகும் பின்னால் வந்து நின்றவரின் வெள்ளைச் சட்டை வெள்ளையாகவே இருந்தது. பைபாஸில் மூன்றாவது கியரில் மிதித்தபோது வண்டி ஒரே இழுப்பில் ஏறியது.

பணம் கொடுத்து, கோயில் வாசலில் எலுமிச்சம்பழம் நசுக்கி, அன்றைக்குச் சாயங்காலமே வண்டி ஒர்க்ஷாப்புக்கு வந்தது. பில் எத்தனை இருந்தாலும் வாங்கியதும் முதல் வேலை ஆயில்தான் என்பது மெக்கானிக்கின் வழக்கம். சம்ப் போல்ட்டைத் திறந்து, ஒழுகும் கறுப்பு ஆயிலை இரு விரலில் தேய்த்து, மினுமினுப்பு ஏதாவது தெரிகிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உலோகத் தூள் இல்லை. புது ஃபில்டர் மாட்டி, புது ஆயில் ஊற்றி, டிப்ஸ்டிக்கைப் பார்த்த பிறகு சாவியை இளைஞரிடம் நீட்டினார்.

"ஸ்டார்ட் பண்ணுங்க தம்பி. ஆனா ரேஸ் குடுக்காதீங்க."

"ஏங்ணா?"

"புது ஆயில் டர்போ வரைக்கும் போயிச் சேரட்டும். ஒரு நிமிஷம்."

இன்ஜின் மெல்ல ஓடிக்கொண்டிருந்தது. இளைஞர் கை இரண்டையும் ஸ்டியரிங்கில் வைத்தபடி, டேஷ்போர்டுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.